உரிமத்தில் கையெழுத்திடும் முன் வாசற்படியைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், கட்டட நிறைவுச் சான்று, தொழில் உரிமம், பொதுக் கட்டட உரிமம் ஆகியவற்றை வழங்கும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, வருவாய்த் துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடந்த கார்த்திகை மாதத்தில் என் மகளின் முகூர்த்தப் புடவையை நான் சாலையோரத்தில் அமர்ந்து தேர்ந்தெடுத்தேன். நாங்கள் போனது பெரிய ஜவுளிக் கடை. அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கடையின் குறையாக இது சுருங்கிவிடும். வாசலில் பளபளக்கும் கருங்கல் படிகள் ஏழு இருந்தன. படிகளைத் தாண்டி உள்ளே போனால் எல்லாத் தளங்களுக்கும் செல்லும் லிஃப்ட் உண்டு. அந்த லிஃப்ட் வரை போவதற்குத்தான் எனக்கு வழி இல்லை.

ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் செயலிழந்தவள் நான். நாற்பத்தைந்து வயது வரை, கால்களைத் தாங்கிப்பிடிக்கும் காலிப்பரும் ஊன்றுகோலுமாக நடந்தேன். உடல் எடையை ஆண்டுக்கணக்கில் சுமந்த தோள்மூட்டுகள் தேய்ந்துபோன பிறகு, ஆறு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அந்தக் கடையின் பணியாளர்கள் ஓடிவந்து, "நாலு பேர் சேந்து நாற்காலியோட தூக்கிடறோம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றார்கள். அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால், சம்பந்தி வீட்டாரும் போகிற வருகிறவர்களும் பார்த்து நிற்க, முன்பின் அறியாத நான்கு ஆண்கள் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தியை அந்தரத்தில் தூக்கிச் செல்வதை நான் விரும்பவில்லை. வேண்டாம் என்றேன். பிறகு இரண்டு பெண்கள் புடவைகளை அடுக்கடுக்காக வெளியே கொண்டுவந்து, காரின் முன்பக்கத்தில் விரித்துக் காட்டினார்கள். தெருவிளக்கின் வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் என்று நினைத்து நான் தேர்ந்த புடவை, மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் வெளிறிய எலுமிச்சை நிறமாக இருந்தது. என் மகள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அதையே உடுத்திக்கொண்டாள்.

இதை உங்களுக்கு எழுதுவது அனுதாபம் வேண்டியல்ல. அந்த ஏழு படிகளுக்கு மேலே நிற்கும் கட்டடத்தின் வரைபடத்துக்கு யாரோ ஓர் அலுவலர் ஒப்புதல் தந்திருக்கிறார். ஒருவர் நிறைவுச் சான்று தந்திருக்கிறார். அங்கே வணிகம் செய்வதற்கான உரிமத்தை ஒருவர் புதுப்பித்துத் தருகிறார். இத்தனை கையெழுத்துகளில் ஒன்றுகூட அந்தப் படிகளிடம் ஒரு நிமிடம் நின்றதில்லை என்பதே என் முறையீடு.

சட்டத்தில் தெளிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 'பொதுக் கட்டடம்' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், பொதுமக்கள் புழங்கும் கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் அடங்கும்; வணிகம், மருத்துவம், வழிபாடு, பொழுதுபோக்கு எதற்கான இடமானாலும் அடங்கும். மாற்றுத்திறனாளிகளும் தடையின்றி வந்து புழங்குவதற்கான அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது, அவற்றைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றும் தரக் கூடாது, அதில் குடிபுகவும் விடக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. சேவை வழங்குவோர், அரசோ தனியாரோ, இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் சேவையை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாயின. ஆகவே இரண்டு ஆண்டுக் கெடு 2019 ஜூனிலும், ஐந்து ஆண்டுக் கெடு 2022 ஜூனிலும் முடிந்துவிட்டன. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது.

2024 நவம்பர் 8 அன்று அணுகல் வசதி தொடர்பான ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சிலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "விதியையே கோர்ட் ரத்து பண்ணிடுச்சே, நாங்க என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதியை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது உண்மை. ஆனால் அந்த விதி கடுமையாக இருந்தது என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை அந்த விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பதற்காகவே சொன்னது. விட்டுக்கொடுக்க முடியாத கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்த அதே தீர்ப்பு, அவற்றை மீறுவோரின் நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகிய நடவடிக்கைகளை உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. இவையன்றி, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கையைக் கட்டிக்கொண்டு நிற்க அந்தத் தீர்ப்பில் இடமே இல்லை.

"என் கடை, என் இடம், யாரை எப்படி உள்ளே விடுவது என்பது என் விருப்பம்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷ் என்ற பெண்மணியை 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்ட தனியார் விமான நிறுவனம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பொதுமக்களுக்குக் கதவு திறந்து காசு வாங்குகிற எந்தத் தொழிலும், அந்தப் பொதுமக்களில் ஒரு பகுதியினரை மட்டும் வாசலோடு நிறுத்த முடியாது.

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: சட்டத்தை நடத்திக்காட்டும் பொறுப்பு முழுவதும், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரின் தலையில் விழுந்துவிட்டது. "எழுத்து மூலமாப் புகார் குடுங்க, நடவடிக்கை எடுக்கிறோம்" என்பதே எங்கள் காதில் விழும் முதல் வாக்கியம். பெரும்பாலும் கடைசி வாக்கியமும் அதுவே. புகார் கொடுப்பது எவ்வளவு பெரிய சுமை என்பதைப் புகார் வாங்குகிறவர்கள் உணர்வதில்லை. அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், உடன் ஒருவரை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும், மனு எழுத வேண்டும், அடையாள அட்டையின் நகல் வைக்க வேண்டும், ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கூலிக்குப் போகிற மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஒரு கடையின் ஒரு படிக்காக ஒரு நாள் கூலி போய்விடும். அவர் ஒரு மாதத்தில் எத்தனை படிகளுக்காக மனு எழுதுவார்?

நான் ஒருமுறை எழுதினேன். என் தாயாரை அழைத்துச் செல்லும் தனியார் மருத்துவமனை ஒன்றின் வாசலில் சாய்தளம் இருக்கிறது. இருந்தும் ஏற முடியவில்லை. அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள் என்பதால் என் பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். உடன் வந்த என் தம்பியைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். நான்கு படிகள், மொத்தம் இரண்டடி உயரம். சாய்தளத்தின் நீளம் ஏழடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதே நம் நாட்டில் வழிகாட்டுதலாக உள்ள அளவு. அதன்படி இருபத்து நான்கு அடி இருக்க வேண்டும். ஏழடிச் சாய்தளத்தில் நானே நாற்காலியைத் தள்ளி ஏறினால், நாற்காலி என்னோடு பின்பக்கமாகக் கவிழும். அதன் அடியில் இரண்டு மோட்டார் சைக்கிள்களை வேறு நிறுத்தியிருந்தார்கள். அடுத்த நாள் எட்டாம் வகுப்பில் விகிதப் பாடத்துக்கு இந்த அளவுகளையே கணக்காகக் கொடுத்தேன். போட்டு முடித்த ஒரு சிறுமி நிமிர்ந்து, "அப்ப உங்களால அதுல ஏறவே முடியாதா டீச்சர்?" என்று கேட்டாள். அளவுகளை எல்லாம் எழுதி, படத்தோடு ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மருத்துவமனையிலிருந்தே எனக்குத் தொலைபேசி வந்தது. என் மனு, என் கைபேசி எண்ணோடு, நேராக அவர்களிடம் போயிருக்கிறது. "டீச்சர், எங்ககிட்டயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, எதுக்குப் பெரிய எடத்துக்கெல்லாம் எழுதணும்?" என்றார் பேசியவர். கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். ஆனால் அதன் பிறகு அம்மாவை அங்கே அழைத்துச் செல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒருவருக்கொருவர் சொந்தமாகவும் பழக்கமாகவும் இருக்கும் இந்த அளவு ஊரில், புகார் கொடுத்தவர் என்ற பெயர் சாய்தளத்தைவிட நெடுநாள் நிலைக்கும். மோட்டார் சைக்கிள்களை எடுத்துவிட்டார்கள். சாய்தளம் இன்றும் ஏழடிதான். என் மனு 'குறை களையப்பட்டது' என்ற குறிப்போடு முடித்துவைக்கப்பட்டது.

என் தாயாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது என்னைப் போன்ற சிலரின் சிக்கல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் அவர். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும், நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரும் ஃபுளோரைடு மிகுந்தது என்பது ஊரறிந்த செய்தி. அது முதலில் பல்லைப் பழுப்பாக்கும். பிறகு எலும்பில் படிந்து மூட்டுகளை இறுக்கி, முதுகை வளைத்துவிடும். அம்மாவால் தரையில் அமர முடியாது, அமர்ந்தால் எழ முடியாது, அரையடிக்கு மேல் காலைத் தூக்க முடியாது. அவரிடம் அடையாள அட்டை இல்லை. தன்னை அவர் மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதும் இல்லை, வயதாகிவிட்டது என்றுதான் சொல்வார். இந்த நோயைத் தடுக்கத்தான் அரசு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நிறைவேற்றி, 2013இல் தொடங்கிவைத்தது. தண்ணீரை மாற்ற அத்தனை கோடி செலவிட்ட நம் அரசு, அந்தப் பழைய தண்ணீர் வளைத்துவிட்ட முதுகுகள் ஏற முடியாத படிகளைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. தொப்பூர்க் கணவாயில் நடக்கும் விபத்துகளில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள், கல் குவாரியில் காலை இழந்தவர்கள், சர்க்கரை நோயால் பாதம் எடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் இந்த ஊர்க் கடைவீதியில்தான் பொருள் வாங்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் என் தலைமுறையோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. படியேற முடியாதவர்களின் எண்ணிக்கை முடிந்துவிடவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. புகார் வரும்வரை காத்திருக்காதீர்கள். உரிமம் உங்கள் கையில் இருக்கிறது. கையெழுத்திடும் முன் வாசற்படியைப் பாருங்கள். தீயணைப்புச் சான்று இல்லாமல், கட்டட உறுதிச் சான்று இல்லாமல் ஒரு திருமண மண்டபத்துக்கோ தங்கும் விடுதிக்கோ உரிமம் கேட்டால் நீங்கள் எப்படித் திருப்பி அனுப்புவீர்களோ, அப்படியே அணுகல் வசதி இல்லாத கட்டடத்தின் விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்புங்கள். அதற்கு ஒரு பக்கப் படிவம் போதும். வாசலின் உயரம் எவ்வளவு, சாய்தளத்தின் நீளம் எவ்வளவு, இருபுறமும் கைப்பிடி உண்டா, கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறதா என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று எழுதாமல் அளந்த எண்களை எழுதச் சொல்லுங்கள். 'சாய்தளம் உண்டு' என்று எழுதினால் அந்த ஏழடிச் சாய்தளமும் தேறிவிடும். எண்ணை எழுதினால் தேறாது.

திருமண மண்டபங்களை நான் தனியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளின் திருமணம் நடந்த மண்டபத்தில் பந்தி கீழ்த்தளத்தில். இறங்குவதற்குப் படிகள் மட்டுமே. சம்பந்தி வீட்டாரை முன்னின்று உபசரிக்க வேண்டிய பெண்ணின் தாய், மேலே காலி நாற்காலிகளுக்கு நடுவில் அமர்ந்திருந்தேன். எனக்கு இலையில் வைத்த சாப்பாட்டைத் தட்டில் எடுத்து வந்து தந்தார்கள். மேடைக்கும் நான்கு படிகள். தாலி கட்டும் நேரத்தில் என் தம்பியும் மைத்துனரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஜவுளிக் கடையில் வேண்டாம் என்று சொல்ல முடிந்த எனக்கு, அங்கே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போகும் நாளில் நான் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44இல் எத்தனையோ உணவகங்கள் இருக்கின்றன. சிலவற்றில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறையும் இருக்கிறது. கேட்டால் சாவி தேடுவார்கள். திறந்தால் துடைப்பமும் பினாயில் கேனும் தண்ணீர் டிரம்மும் அடுக்கியிருக்கும். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால், நாற்காலி உள்ளே போன பிறகு கதவைச் சாத்த முடியாது. உணவுப் பாதுகாப்புக்காகச் சமையலறையைச் சோதிக்கும் அரசால், அந்த ஒரு கதவையும் திறந்து பார்க்க முடியும்.

வணிகப் பெருமக்களின் தரப்பையும் நான் கேட்டறிந்திருக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்தது, மழைத் தண்ணீர் கடைக்குள் வராதிருக்க அவர்கள் தரையை உயர்த்தினார்கள், படிகள் கூடின. சாய்தளம் போட்டால் அது சாக்கடை மூடியின் மேல் நீளும். அதை ஆக்கிரமிப்பு என்று நகராட்சி இடித்துவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டியதும் நீங்கள்தான். பழைய சிறு கடைகளுக்குத் தேவைப்படும்போது விரித்துப் பின் எடுத்துவைக்கும் மடக்குச் சாய்தளமும், நாற்காலியில் அமர்ந்தவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அழைப்புமணியும் போதும் என்று எழுத்தில் வரையறுத்துத் தாருங்கள். சாலை போடும்போது பழைய பரப்பைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். புதிதாக எழும் பெரிய கட்டடங்களுக்கு மட்டும் எந்தச் சாக்கும் வேண்டாம். அவை தங்கள் எல்லைக்குள்ளேயே சாய்தளத்துக்கு இடம் விட்டுக் கட்டட்டும்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துக் குன்றுகளில் வெட்டி, நம் ஊரிலேயே அறுத்து, வெளிநாடு வரை அனுப்பும் கருங்கல்லைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து வாசற்படியில் பதிக்கிறார்கள். மழைத் துளி பட்ட அந்தக் கல்லில் ஊன்றுகோலின் ரப்பர் முனை நிற்காது. நான் நடந்த காலத்தில் அப்படி இரண்டு முறை விழுந்து, ஒருமுறை மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறேன். அதே கல்லைச் சொரசொரப்பாகவும் இழைத்துத் தருவார்கள். வாசலுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று உரிமத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அணுகல் என்றால் சாய்தளம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. டோக்கன் எண்ணை வாயால் மட்டும் அழைக்கும் மருத்துவமனையில் காது கேளாதவர் தன் முறையைத் தவறவிடுகிறார். எண்ணைப் பலகையில் காட்டினால் தீர்ந்தது. பார்வையற்ற என் சக ஆசிரியர் ஒருவரிடம், கையெழுத்திடச் சாட்சி ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே கேட்டிருக்கிறார்கள். இவற்றுக்குச் சிமெண்டும் தேவையில்லை, கொத்தனாரும் தேவையில்லை. பணியாளர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும்.

சோதனைக்குப் போகும் குழுவில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று எங்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. அதைவிட, ஒரு பணி நாளில் எங்களை உங்களோடு கடைவீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெங்களூரு சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ, புதிதாகக் கட்டி முடித்து நிறைவுச் சான்றுக்குக் காத்திருக்கும் கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். முதலில் அறிவிப்பு, பிறகு கால அவகாசம், அதன் பிறகும் செய்யாதவர்களுக்கு 89ஆம் பிரிவு. எந்தக் கட்டடம் தேறியது, எது தேறவில்லை என்பதை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அப்போது புகார்தாரர் என்று எங்களில் ஒருவரைக் கைகாட்ட யாருக்கும் வாய்ப்பு இராது.

அளவு நாடா என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளி இல்லை. எந்த வாரம், எந்தத் தெரு என்று தெரிவித்தால் காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் இயங்கும் கணித ஆசிரியை ஒருவர்,
கிருஷ்ணகிரி